மென்பொருளில் குரோமியம் இல்லை

மேகலா வேலை பார்க்கும் ஷூ கம்பெனி ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் கம்பெனி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அங்கே ஆயிரத்து நானூறு பேர் ஷூ தைக்கிறார்கள். அறுபது பேர் அதைப் பற்றி மின்னஞ்சல் எழுதுகிறார்கள். மேகலா இந்த இரண்டு கணக்கிலும் வராதவள். சாம்பிள் பிரிவில் உட்கார்ந்து ஷூக்களின் புகைப்படங்களுக்குப் பெயர் வைக்கிறாள்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. ஒவ்வொரு சாம்பிள் ஜோடியையும் ஆறு பக்கத்திலிருந்து படம் எடுப்பார்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டுக் கொடுக்கும். அதை எடுத்துவிட்டு ஆர்ட்டிகிள் நம்பர், தோல் வகை, நிறம், எந்தப் பக்கம் என்று வரிசை மாறாமல் பெயர் வைக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் பையர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேகலாவின் இடத்தில் இருந்தவர் ஒரு வெளிர்பழுப்பு ஷூவின் படத்துக்குக் கரும்பழுப்பு என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டாயிரம் ஜோடி நிறம் மாறிப் போய்ச் சேர்ந்தது. பையர் கோபப்படவில்லை. அடுத்த சீசனில் ஆர்டர் தரவில்லை, அவ்வளவுதான். நாலாம் லைனில் தைத்துக்கொண்டிருந்த அறுபத்திரண்டு பெண்கள் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். அவர்களில் ஒருத்தி எல்லம்மா. மாதனூரில் மேகலாவின் தெருவிலேயே இருக்கிறாள். தினமும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்.

அதனால் மேகலா ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் வைப்பாள். கண் எரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் தோல்மண்டி அலுவலகக்காரர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு சின்னச் செயலியை அனுப்பியிருந்தார்கள். அதன் பெயர் பேர்மாத்தி. ஒரு ஷூ படத்தைவிடச் சிறியது. திறந்தால் ஒரு கட்டம், ஒரு பொத்தான். சாம்பிள் பட்டியலை ஒரு பக்கம் போட்டு, படங்களை இன்னொரு பக்கம் போட்டு, பொத்தானை அமுக்கினால் இருநூறு படத்துக்கும் பெயர் விழுந்துவிடும். கீழே பொடி எழுத்தில், "சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று ஒரு மொபைல் எண்.

மேகலாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்தார்.

"நான் சமீருல்லா, பேர்ணாம்பட்டுலேர்ந்து. சொல்லுங்க மேடம்."

"பாய், இடது கால் படத்துக்கு எல், வலது கால் படத்துக்கு ஆர்னு தானா போட முடியுமா? பையர் அப்படிக் கேக்கறாங்க."

"இப்ப முடியாது. நாளன்னிக்கு முடியும்."

சொன்னபடி மூன்றாம் நாள் புதுப் பதிப்பு வந்தது. செயலியை எழுதுவது, விற்பது, போன் எடுப்பது எல்லாம் அவர் ஒருவர்தான் என்று அப்போது தெரிந்தது. முன்பு ஒரு தோல் பதனிடும் ஆலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். நாற்பத்தோரு வயதில் அதை விட்டுவிட்டு, மாடி அறையில் உட்கார்ந்து இந்த மாதிரிச் சின்னச் சின்னச் செயலிகளாக எழுதிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதமாக ஒரு பெயரும் தப்பாகவில்லை. சாம்பிள் பிரிவின் தலைவர் முனீர் அகமது, எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், அவள் வைத்த பெயர்களை மறுபடி சரிபார்ப்பதையே விட்டுவிட்டார். நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கம்பெனி புத்தாக்க வாரம் கொண்டாடியது.

புத்தாக்க வாரத்தின் சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: "ஊழியர்கள் தங்கள் மேசைக் கணினியில் பயன்படுத்தும் பயனுள்ள செயலிகளைப் பரிந்துரைக்க அன்புடன் அழைக்கப்படுகிறார்கள். எந்த யோசனையும் சிறியதல்ல." கேன்டீன் வாசலில் கலர் காகிதம் ஒட்டிய ஒரு பெட்டி வைத்தார்கள். கம்பெனி முழுவதிலும் அந்தச் சுற்றறிக்கையை நம்பியவள் மேகலா ஒருத்திதான்.

அவள் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். "நான் மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன். பேர்மாத்தி என்பது படங்களுக்குப் பெயர் வைக்கும். பேர்ணாம்பட்டு சமீருல்லா என்பவர் செய்தது. எனக்கு ஒரு நாள் வேலையை அது டீ வருவதற்குள் முடித்துவிடும். இரண்டாவது, திரையில் எந்த இடத்தில் வைத்தாலும் அந்த நிறத்தின் எண்ணைச் சொல்லும். இரண்டு பிரவுனுக்கு வித்தியாசம் தெரியாதபோது உதவும். குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் லீவு நாளில் எழுதியது. மூன்றாவது, நாம் காப்பி பண்ணின கடைசி இருபது வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதை எழுதியவர்கள் புருஷன் பெண்சாதி இரண்டு பேர், ஊர் தெரியவில்லை. மூன்றும் கம்ப்யூட்டரை மெதுவாக்குவதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை, வேறு எதையும் வாங்கச் சொல்வதில்லை. மற்ற பிரிவுகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மேடையில் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். பெட்டியில் விழுந்த ஒரே காகிதம் அவளுடையது என்பதால் முதல் பரிசும் அதற்கே கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் மூன்று செயலிகளும் இல்லை. பதிலுக்கு ஒரு கடிதம் இருந்தது. "தங்களால் பரிந்துரைக்கப்பட்ட மென்பொருள்கள், பரிந்துரைக்கப்பட்டுவிட்ட காரணத்தால், ஒப்புதல் பெறும்வரை நீக்கப்படுகின்றன. பரிந்துரைக்கப்படாத மென்பொருள்களுக்கு இவ்விதி பொருந்தாது." பக்கத்து மேசை பூர்ணிமாவின் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டு விளையாட்டை யாரும் பரிந்துரைக்கவில்லை. அது இருந்தது.

மேகலா, தகவல் அமைப்பு மற்றும் இணக்கப் பிரிவின் முதன்மை மேலாளர் மதியழகனைப் போய்ப் பார்த்தாள். சாந்தமான மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். எதிரில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க ஆர்வத்தை நான் ரொம்ப மதிக்கறேன் மேகலா. இந்தக் கம்பெனிக்கு உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும். அதனாலதான் உடனே எடுத்துட்டோம்."

"சார், அடுத்த சீசன் சாம்பிள் வந்துட்டிருக்குது. இருநூத்திப் பத்து ஜோடி. ஆயிரத்து இருநூத்தி அறுபது படம். மூணு வாரத்துல பையருக்குப் போவணும். கையால பண்ணா ஆவாது சார்."

"கண்டிப்பா ஒப்புதல் கொடுத்துடுவோம். சின்ன நடைமுறைதான். அவரு நம்ம சப்ளையரா பதிவு பண்ணிக்கணும்."

"அவரு எனக்குச் சும்மாத்தான் கொடுத்தாரு."

மதியழகன் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "சும்மாவா? அப்ப ரெண்டு படிவம்."

சப்ளையர் பதிவுப் படிவம் நாற்பத்தாறு பக்கம். கம்பெனிக்குத் தோல், சோல், பக்கிள், நூல் தருகிறவர்களுக்காக எழுதப்பட்டது. மென்பொருளுக்கென்று தனிப் படிவம் கிடையாது. தனிப் படிவம் போட வேண்டுமானால் படிவக் குழு கூட வேண்டும். அது கடைசியாகக் கூடியபோது தயாரித்ததுதான் இந்தப் படிவம்.

சமீருல்லாவைக் கூப்பிட்டபோது மேகலாவுக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாசத்துக்கு எத்தினி சதுர அடி தோல் உற்பத்தின்னு கேட்டிருக்குது மேடம். இன்னா எழுதறது?"

"பூஜ்யம்னு எழுதுங்க பாய்."

"கழிவுநீர் எங்க போவுதுன்னு கேக்கறாங்க."

"உங்க வீட்டுத் தண்ணி எங்க போவுது?"

"தென்னை மரத்துக்கு."

"அதையே எழுதுங்க."

"உடைஞ்ச ஊசிப் பதிவேடு வைக்கணுமாம். ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டும் கெடைக்கிற வரைக்கும் உற்பத்திய நிறுத்தணுமாம்." உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "நம்ம வீட்ல ஊசி இருக்குது. பதிவேடு போட்டுடறேன்."

அவர் அப்படிப்பட்ட மனிதர். கேலி செய்யத் தெரியாதவர் இல்லை. ஆனால் யாராவது ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தால் அதை ஒழுங்காக நிரப்பிவிடுவார். நாற்பத்தாறு பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு இடத்தில் தன் பெயரை எழுதி அனுப்பினார்.

அடுத்தது ஆய்வுக்கூடம். கம்பெனிக்குள் வரும் எந்தப் பொருளிலும் ஆறு இணைதிறன் குரோமியம் இல்லை என்று சான்று வேண்டும். தோலில் அது இருந்தால் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அலர்ஜி வரும் என்பதால் வந்த நல்ல விதி. மென்பொருளுக்கு விதிவிலக்கு உண்டா என்று மேகலா கேட்டாள். விதிவிலக்குப் பட்டியலில் பாட்டில் தண்ணீரும் தேசியக் கொடியும் மட்டும்தான் இருந்தன. ஆகவே சமீருல்லா பேர்மாத்தியை ஒரு பென் டிரைவில் போட்டு ராணிப்பேட்டையில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஐந்து கிராம் மாதிரி கேட்டார்கள். பேர்மாத்தியின் எடை தெரியாததால் பென் டிரைவின் உறையைச் சுரண்டி எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு நான்கு நாளில் வந்தது. குரோமியம் கண்டறியப்படவில்லை. மேகலாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். மடக்குச் சோதனை: ஒரு லட்சம் மடக்குகளைத் தாங்க வேண்டும். மாதிரி முதல் மடக்கிலேயே முறிந்தது. தேறவில்லை.

இதற்கிடையில் அவள் கையால் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நாற்பது படம். முதல் நூறில் மாஸ்டர் பதினொரு தப்பு கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மேகலாம்மா, திரும்பப் பார்த்துடலாம்" என்றார். அந்தத் தொனிதான் அவளை உறுத்தியது. வீட்டில் போய்ச் செய்யலாம் என்றால் வெளிவராத சாம்பிள் படம் ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போய்விடும்.

பஸ்ஸில் எல்லம்மா கேட்டாள். "இன்னா அக்கா, கண்ணு இப்படிச் செவந்திருக்குது?"

"போட்டோ வேலை ஜாஸ்தி."

"நம்ம லைனுக்கு இந்த வாட்டியும் அதே பையர்தானாம். சூப்பர்வைசர் சொன்னாரு. ஆர்டர் வந்திடும் இல்ல?"

"வந்திடும்" என்றாள் மேகலா. பள்ளிகொண்டா பக்கம் எங்கோ பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஆய்வுக் குழு பேர்ணாம்பட்டுக்குப் போனது. ஐந்து பேர், ஒரு வேன். பரிந்துரைத்தவர் உடனிருக்க வேண்டும் என்ற விதிப்படி மேகலாவும் போனாள். மதியழகன் முன் சீட்டில். பின்னால் இணக்க அதிகாரி ஹேமலதா, கையில் கோப்போடு. இருபத்தாறு வயதுப் பெண். ஒரு வருஷத்தில் நூற்று நாற்பது சப்ளையர்களை ஆய்வு செய்கிறவள். பாதி வழியில் வேனிலேயே தூங்கிவிட்டாள்.

சமீருல்லாவின் மாடி அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி இருந்தன. அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். சுவரில் புதிதாக ஒரு பதிவேடு தொங்கியது. "உடைந்த ஊசி: இதுவரை இல்லை" என்று அழகான கையெழுத்து.

"மொத்த ஊழியர் எத்தனை பேர்?" என்று ஹேமலதா கேட்டாள்.

"ஒருத்தர்."

"தீயணைப்பு ஒத்திகை பண்ணிக் காட்டணும்."

விசில் ஊதப்பட்டது. சமீருல்லா எழுந்து, கம்ப்யூட்டரை நிறுத்தி, ஓடாமல் வேகமாக நடந்து படி இறங்கிக் கீழே சைக்கிள் கடை வாசலில் நின்றார். ஹேமலதா தலை எண்ணினாள். ஒன்று. சரியாக இருந்தது. சைக்கிள் கடைக்காரர் எண்ணிக்கை குழம்பாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"இப்ப ஊழியரோட தனியாப் பேசணும்" என்றாள் ஹேமலதா. "முதலாளி இருந்தா அவங்க பயப்படுவாங்க. அதனால முதலாளி வெளிய இருக்கணும்."

சமீருல்லா வெளியே போனார். கதவைச் சாத்தினார்கள். ஒரு நிமிடம் கழிந்தது. பிறகு ஹேமலதா கதவைத் திறந்து, "ஊழியர் வரலாம்" என்றாள். சமீருல்லா உள்ளே வந்தார்.

"பயப்படாம சொல்லுங்க. நீங்க சொல்றது உங்க முதலாளிக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வேலை வாங்கறாரா?"

சமீருல்லா கதவைப் பார்த்தார். "வாங்கறாரு."

"லீவு கேட்டா?"

"தர மாட்டாரு மேடம். போன ரம்ஜானுக்கே ஒரு நாள்தான் கொடுத்தாரு."

"புகார் சொல்ல வழி இருக்கா?"

"சொல்லிருக்கேன். கேக்கறாரு. ஆனா மாத்திக்க மாட்டேங்கறாரு."

ஹேமலதா வேகமாக எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. மேகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது தன்னுடைய ஒரு பக்கக் காகிதம் என்ற நினைப்புதான் இருந்தது. கிளம்பும்போது படிக்கட்டில் நின்று, "நான்தான் பாய் உங்கள மாட்டிவிட்டுட்டேன். பரிந்துரைக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

"பரவால்ல சிஸ்டர்" என்றார் சமீருல்லா. "பத்து வருஷமா செயலி எழுதறேன். நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் காயிதத்துல எழுதிக் கொடுத்தது இதான் ஃபர்ஸ்ட்டு."

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை முடிவு வந்தது. பதிவு நிராகரிக்கப்பட்டது. காரணங்கள்: மடக்குச் சோதனையில் தோல்வி, ஊழியருக்கு வார விடுமுறை மறுப்பு, ஒரே நபரைச் சார்ந்திருக்கும் அபாயம். வழக்கப்படி கடிதத்தின் நகல் வட்டாரத்தில் உள்ள பன்னிரண்டு தோல் ஆலைகளுக்கும் போயிருந்தது. அந்த ஆலைகளில் சமீருல்லாவின் சதுர அடி கணக்குப் போடும் செயலியைப் பலர் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் ஊழியரை ஏன் கொடுமைப்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள்.

மேகலா மறுபடி மதியழகன் முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறை தண்ணீரைத் தொடவில்லை.

"ஒரே ஆள்னா இன்னா சார் அபாயம்?"

"நாளைக்கு அவர் இல்லைன்னு வெச்சுக்குங்க. அப்ப?"

"அப்பவும் அந்தச் செயலி என் கம்ப்யூட்டர்ல வேலை செய்யும் சார். அவரு வந்து தினமும் சாவி கொடுக்கறதில்ல."

மதியழகன் சிரித்தார். குழந்தையிடம் பேசுகிற மாதிரி குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதுல ஒரு தத்துவம் இருக்கு மேகலா. நாம பெரிய கம்பெனியோட சிஸ்டம் வெச்சிருக்கோம். ஆறு வருஷமாச்சு. அத நிறுவ வந்தவங்க ஏழு தடவை மாறிட்டாங்க. இன்னிக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. போன் பண்ணா ஒரு நம்பர் தருவாங்க. அந்த நம்பருக்குப் பண்ணா முதல் நம்பரைத் தருவாங்க. அதுதான் ஸ்திரத்தன்மை. எந்தத் தனி மனுஷனையும் நம்பி இல்லை பாருங்க. உங்க ஆளு ரெண்டாவது ரிங்ல எடுக்கறாராம். அப்படின்னா அவருக்கு நம்மள விட்டா யாரும் இல்லைன்னுதான அர்த்தம்? ஒரு பிரச்சனைன்னு வந்தா யார் மேல தப்புன்னு உடனே தெரிஞ்சுடும். அது எவ்வளவு பெரிய அபாயம்."

"படம் வெள்ளிக்கிழமை போவணும் சார். இன்னும் ஐநூறுகூட முடியல. தப்பு விழுந்தா நாலாம் லைன் நின்னுடும்."

"திருத்த நடவடிக்கை அறிக்கை கொடுக்கச் சொல்லுங்க. மூணு நகல். அடுத்த கூட்டம் அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்."

அவள் வெளியே வந்து, கேன்டீன் பக்கமாக இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். பிறகு சமீருல்லாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுபடியும் அதே நாற்பத்தாறு பக்கம், மூன்று நகல். "விட்டுடுங்க பாய். உங்களுக்குப் பேஜாருதான்."

"பாக்கலாம்" என்றார் அவர்.

செவ்வாய் மதியம் மூன்று நகலும் வந்துவிட்டன. நூற்று முப்பத்தெட்டுப் பக்கமும் அச்சில். ஒரு கட்டம் விட்டுப்போகவில்லை. இணைப்புகளுக்கு வரிசை எண், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரைக்கு இடம், ஓரத்தில் நகல் எண். ஹேமலதா அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. அவள் மேசையில் நூற்று நாற்பது சப்ளையர்களின் அரைகுறைப் படிவங்கள் அவள் உயரத்துக்கு இருந்தன. பாதிப் பேர் முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள். அவளே பேர்ணாம்பட்டுக்குப் போன் போட்டாள்.

"சார், இத எப்படி ஒரே நாள்ல முடிச்சீங்க?"

"தொண்ணூத்திரண்டு எடத்துல பேர் எழுத முடியல மேடம், கை வலிக்குது. அதான் காலைல ஒரு சின்னச் செயலி எழுதிட்டேன். ஒருவாட்டி பேரு, ஊரு போட்டா எல்லாப் பக்கமும் தானா நிரம்பிக்கும். அனுப்பட்டுமா?"

ஹேமலதா கொஞ்சம் தயங்கினாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "அனுப்புங்க" என்றாள்.

புதன்கிழமை காலையில் அவள் அதை மதியழகனுக்குக் காட்டினாள். ஒரு பொத்தான் அமுக்கியதும் நாற்பத்தாறு பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நிரம்பியது. மதியழகன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். படிவம் தயாரித்த குழுவில் அவரும் ஒருவர். அது முழுதாக நிரம்பி அவர் பார்த்தது அதுவே முதல்முறை.

"இது உடனே நமக்கு வேணும்" என்றார்.

"சார், அந்த நிராகரிச்ச சப்ளையரோடது."

மதியழகன் யோசித்தார். அவர் யோசிக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். கடைசியில், "இது படிவத்த எழுதுது. அப்ப இது மென்பொருள் இல்லை. எழுதுபொருள்" என்றார். "ஸ்டேப்ளர் மாதிரி. எழுதுபொருளுக்குக் கமிட்டி ஒப்புதல் எதுக்கு? ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் போடுங்க. பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போதும்."

அன்று மத்தியானத்துக்குள் அது வந்துவிட்டது. ஹேமலதா நல்ல பெண். டீ நேரத்தில் சாம்பிள் பிரிவுக்கு நடந்து வந்தாள். மேகலாவின் மேசையருகே நின்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எழுதுபொருள்னா கமிட்டிக்கு வராதாம் அக்கா. பேனா, பென்சில் எல்லாம் ஸ்டோர்ஸோட போயிடும்." பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

மேகலாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும், ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தை எடுத்து எழுதினாள். "பெயர் எழுதும் பேனா. எண்ணிக்கை: ஒன்று. தயாரிப்பு: பேர்ணாம்பட்டு." மாஸ்டரிடம் கொண்டுபோனாள். முனீர் அகமது இரண்டு முறை படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இன்னா பேனா மேகலாம்மா இது?"

"தப்பு விழாத பேனா மாஸ்டர்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர்ஸிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே சமீருல்லா அனுப்பிய பென் டிரைவ். கவரின் மேல், "பேனா, 1" என்று எழுதியிருந்தது. ஸ்டோர்ஸ் கொடுத்த பொருளைத் தடுக்கக் கணினிப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை என்பதால் அவர்களே வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். மேகலா ஆயிரத்து இருநூற்று அறுபது படங்களையும் ஒரு பக்கம் போட்டாள். பட்டியலை இன்னொரு பக்கம் போட்டாள். பொத்தானை அமுக்கினாள். நான்கு நிமிடம். அவளும் மாஸ்டரும் அன்று பொழுதெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அந்தப் பேனாவில் தப்பு இல்லை. அவள் கையால் வைத்த ஐநூறில் இருபத்தேழு தப்பு இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. அதில் ஒன்று அதே வெளிர்பழுப்பு. மேகலா அதை அழித்துவிட்டு, பேனா எழுதிய பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

படங்கள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெர்மனிக்குப் போயின. பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது. நாலாம் லைனுக்கு ஐந்து மாத வேலை. எல்லம்மா பஸ்ஸில் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, "இவ்ளோ நாள் கண்ணு ஏன் செவந்திருந்துச்சுன்னு இப்பவாவது சொல்லு அக்கா" என்றாள். மேகலா சொன்னாள். மாதனூர் வரும்வரை எல்லம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும் மேகலாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

சமீருல்லாவின் பதிவு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அது பரிசீலிக்கப்படுகிறது. ஆனால் படிவம் நிரப்பும் எழுதுபொருளைக் கம்பெனி எல்லாச் சப்ளையருக்கும் கட்டாயமாக்கியதால், நூற்று நாற்பது ஆலைகளும் பட்டறைகளும் அவரைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டன. முன்பு கொடுமையைப் பற்றிக் கேட்ட இரண்டு பேரும் அதில் அடக்கம். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியருக்கு விடுமுறை கொடுக்கிறார்.

ஆண்டுக் கூட்டத்தில் மதியழகன் பேசினார். "இந்த வருஷம் முப்பத்தோரு மென்பொருள் பரிந்துரை வந்தது. ஒண்ணுக்குக்கூட நாங்க ஒப்புதல் கொடுக்கல. அதனால ஒரு மென்பொருளாலும் நமக்கு ஒரு பிரச்சனையும் வரல. இந்தச் சாதனைக்கு என் குழுவுக்குத்தான் நன்றி சொல்லணும். ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். எழுதுபொருள் இன்டென்ட் இந்த வருஷம் திடீர்னு ஜாஸ்தி ஆயிருக்கு. எல்லாரும் நல்லா எழுதறாங்கன்னு தெரியுது. சந்தோஷம்." கைதட்டல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

மார்ச் மாதத்தில் ஸ்டோர்ஸ்காரர் நிசார் அஹமது இருப்புச் சரிபார்க்க வந்தார். இருபத்தாறு வருஷமாக ஸ்டோர்ஸில் இருக்கிறவர். ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்க்காமல் டிக் போட மாட்டார்.

"பெயர் எழுதும் பேனா, ஒண்ணு. நடுவுல டிசம்பர்ல ஒரு ரீஃபில் வாங்கியிருக்கீங்க. காட்டுங்க."

மேகலா பேர்மாத்தியைத் திறந்து காட்டினாள். டிசம்பரில் வந்த புதுப் பதிப்பைத்தான் ரீஃபில் என்று இன்டென்ட் போட்டிருந்தாள். நிசார் அஹமது திரையைக் குனிந்து பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மை எவ்ளோ மீதி இருக்குது?"

"எட்டாயிரம் படத்துக்குப் பேரு எழுதிட்டேன் சார். இன்னும் கொறையல."

அவர் அந்தக் கட்டத்தில் "முழு" என்று எழுதினார். போய்விடுவார் என்று மேகலா நினைத்தாள். அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட மூவாயிரம் பக்கிள் படம் கெடக்குது மேடம். ஒண்ணுக்கும் பேரு இல்ல. பக்கிள் நம்பர் தனியா ஒரு புக்குல இருக்குது. இந்தப் பேனா அதுக்கு எழுதுமா?"

"எழுதும் சார்."

நிசார் அஹமது சட்டைப் பையிலிருந்து இன்டென்ட் புத்தகத்தை எடுத்தார். பொருள், எண்ணிக்கை, தயாரிப்பு என்று அவள் சொல்லச் சொல்ல நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்தில் நிறம் என்று இருந்தது. அங்கே அவர் கை நின்றது. திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பேர்மாத்தியின் மேல் ஓரம் நீலமாக இருந்தது. நீலம் என்று எழுதிக்கொண்டார்.